ஆரஞ்சா, பச்சையா?

கம்பிகளைச் சோதிக்கும் டெஸ்டரின் திரையில் ஒன்றாம் கம்பி மூன்றுக்கும், இரண்டாம் கம்பி ஆறுக்கும் தாவியிருந்தன. கம்ப்யூட்டர் கேபிள் பொருத்த வந்த கேபிள்காரர் அடுத்த கேபிளைச் செருகிப் பார்த்தார். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

"மச்சான், மொத்த மாடியும் குறுக்கும் நெடுக்குமா இருக்கு. உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லு."

"நீங்களே சொல்லலாமே மாமா. இந்த ஓட்டை வழியா ஒரு சத்தம் போட்டா மூணாம் மாடிக்குக் கேக்குமே." கேபிள்கள் வந்து சேரும் ரேக் அலமாரிக்குப் பின்னால் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போன கேபிள் வழியைக் காட்டினார் மச்சான். லிஃப்ட் இன்னும் ஓடாத புதுக் கட்டடம். காலையிலிருந்து படியேறி அவருடைய முழங்கால் கழன்றுபோயிருந்தது.

"நான் முதல்ல வாயைத் திறந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். இந்த மாடி தேறிவிட்டால் மேல்மாடிகளின் வேலையும் அவர்களுக்கே என்று கட்டடத்தின் மேலாளர் சொல்லியிருந்தார். அந்தப் பெரிய வேலைக்குத் தலைமை யார் என்பதில்தான் கணவனுக்கும் மனைவிக்கும் சண்டை. இருவருக்கும் ஒரே தொழில். அவர் கீழே ரேக்கில் முனைகளைப் பொருத்துவார். அவள் மேலே சுவர்ச் சாக்கெட்டுகளில் பொருத்துவாள். சண்டை முற்றி, "முதல்ல யார் யார்கிட்ட பேசறாங்களோ அவங்க தோத்தாங்க, மத்தவங்கதான் தலைமை" என்பதில் வந்து நின்றது. அன்றிலிருந்து வீட்டில் உப்பைக்கூட மச்சான் வழியாகத்தான் கேட்டு வாங்கினார்கள்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். பச்சையை முன்னால் வைத்து அடுக்குவது ஒரு முறை; ஆரஞ்சை முன்னால் வைப்பது இன்னொரு முறை. எதுவானாலும் பாதகமில்லை, இரண்டு முனையிலும் ஒன்றாக இருந்தால் சரி. வழக்கமாக வேனில் வரும்போதே, "இன்னிக்கு எது?" என்று பேசி முடித்துவிடுவார்கள். இன்று வேனில் பேசியது இண்டிகேட்டர் மட்டும்தான்.

மேலே போன மச்சான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"'என் பக்கம் ஒரு குத்தமும் இல்ல. கீழே இருக்கற மகானை அவர் பக்கத்தைப் பாத்துக்கச் சொல்லு'ங்கறா."

"எந்தக் கலர் வச்சிருக்கா?"

"கேக்கலையே. போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"வேணாம், வேணாம். கேட்டா நான் இறங்கி வந்துட்டேன்னு நினைப்பா."

அவர் வைத்தது ஆரஞ்சு. அப்படியானால் அவள் வைத்தது பச்சை. நாலு மணிக்கு மேலாளர் வந்துவிடுவார். கேபிள்காரர் பெரிய மனது பண்ணினார். வாய் பேசாமல் எல்லா முனைகளையும் வெட்டி, பச்சைக்கு மாற்றினார். ஆசையோடு டெஸ்டரைச் செருகினார்.

ஒன்று மூன்றுக்குத் தாவியது.

கொஞ்ச நேரம் திரையையே முறைத்தவருக்குப் பொறி தட்டியது. "அடிப்பாவி! அவளும் பெரிய மனசு பண்ணிட்டாளே!"

சரி, அவள் ஆரஞ்சுக்கு வந்துவிட்டாள். மறுபடியும் எல்லாவற்றையும் வெட்டி ஆரஞ்சுக்கே திரும்பினார். இதே கணக்கை மேலே இருந்தவளும் போட்டிருந்தாள் என்பது டெஸ்டரைச் செருகியதும் தெரிந்தது.

இதற்குள் வெட்டி வெட்டிக் கேபிள்கள் குட்டையாகிவிட்டன. சில, முனைகளைச் செருகும் பேனல் பலகையை எட்டவே மாட்டோமென்றன. கேபிள் கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தார். ஒரு முழம் வந்தது. மூச்சு விடுவதற்குள் அது ஒன்றரை முழம் மேலே போனது. மேலேயும் குட்டைதான் போலிருக்கிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். மேலேயிருந்து பதில் இழுப்பு வந்தது. காலை ரேக்கில் முட்டுக்கொடுத்து இன்னொரு இழுப்பு இழுத்தார். பேனல் ஒரு திருகாணியில் தொங்கியது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளுக்கு இவ்வளவு பலம் இருக்குமென்று அவர் நினைத்ததில்லை.

மணி மூன்று தாண்டிவிட்டது. மறுபடி மேலே போன மச்சானை வேறு வெகுநேரமாகக் காணவில்லை. மேல்மாடி வேலை கைவிட்டுப் போகப்போகிறது. தலைமை என்ன, வாலே மிஞ்சாது. ஒரு கேபிளை விரலில் சுற்றியபடி அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் ஓட்டை வழியாக அந்தக் குரல் இறங்கியது.

"அங்க ஆரஞ்சா, பச்சையா?"

கேபிள்காரர் துள்ளி எழுந்தார். பேசிவிட்டாள்! முதலில் பேசிவிட்டாள்!

"ஆரஞ்சு!" ஓட்டையை அண்ணாந்து பார்த்துக் கத்தினார். "ஆரஞ்சுதான்டி, என் கண்ணு!"

மேலே அவள் சிரித்தாள். தோற்றாலும் இப்படிச் சிரிக்க ஒரு மனசு வேண்டும் என்று அவருக்கு நெகிழ்ந்துபோயிற்று.

"அப்படியே இருங்க! எதுலயும் கை வைக்காதீங்க! நான் இங்க மாத்திடறேன்," என்றாள். "கேபிளை மட்டும் கொஞ்சம் விடுங்க."

"விட்டேன், விட்டேன்! உனக்கு வேணுங்கற அளவு எடுத்துக்கோ!"

அதன் பிறகு வேலை பறந்தது. எட்டாத கேபிள்களுக்காக அவர் பேனலையே ரேக்கில் மேலே ஏற்றித் திருகினார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகச் செருகினார்.

"ஜன்னலோரம்?"

"பாஸ் ஆயிடுச்சு!"

"தூண் பக்கம்?"

"பாஸ்! அடுத்தது சொல்லு ராசாத்தி!"

மேலாளர் வந்தபோது பேனல் நேராக நின்றது, கேபிள்கள் தலைவாரிவிட்டதுபோல் படிந்திருந்தன. அவர் தானே சில முனைகளைச் சோதித்தார். எட்டுக் கம்பியும் எட்டு நேர்கோடு.

"பிரமாதம். திங்கக்கிழமை மேல்மாடியை ஆரம்பிச்சிடுங்க," என்று கைகொடுத்துவிட்டுப் படியேறினார்.

கேபிள்காரர் சட்டையை உதறிவிட்டுக்கொண்டார். தலைவருக்குரிய நடையில் வெளியே வந்தார். படிக்கட்டின் அடியில் மச்சான் முழங்காலை நீவிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா மச்சான்? எத்தனை நாள் வீம்பு! கடைசியில யாரு முதல்ல பேசினது? இனிமே இந்தக் கட்டடத்துல நான் வச்சதுதான் சட்டம்."

மச்சான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கலரைப் பாத்துட்டு வாடான்னு அக்கா என்னைத்தான் அனுப்பினா மாமா. கால் வலின்னு நான் முதல் மாடியிலயே உக்காந்துட்டேன். அதுக்குள்ள கீழே வந்து சேர்ந்திருப்பேன்னு நினைச்சு அவ என்னைக் கேட்டா, நீங்க பதில் சொல்லிட்டீங்க. இப்ப மேல்மாடியில அளவெடுத்துட்டிருக்கா, ஏணியை உங்களைத் தூக்கிட்டு வரச் சொன்னா."