புறாக் காற்று

உலக மருத்துவம் தலையைப் பிய்த்துக்கொண்டும் காணாத வழியை, கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் நகர் நலச் சங்கம் ஒரே கூட்டத்தில், மிக்சர் தட்டு காலியாவதற்குள் கண்டுபிடித்துவிட்டது. பக்கவாதத்தைத் தடுக்கப் புறா போதும். அதன் இறக்கைக் காற்று மேலே பட்டால் வாதம் அண்டாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பெரியவர் என்று கேட்கும் அற்பபுத்தி எங்களில் எவருக்கும் இல்லை.

பூங்காவில் கூண்டு எழுந்தது. அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். காலையில் உறுப்பினர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு அமர்ந்து 'சிகிச்சை' பெறுவார்கள். சிலருக்குக் காற்றோடு வேறு சிலதும் கிடைத்தது. "அதுவும் மருந்துதானுங்க" என்றார் தலைவர் கந்தவேல், குடையைப் பிடித்தபடி.

போர்வெல் வண்டி முதலாளியாக இருந்து ஓய்வுபெற்ற பாலசுந்தரம்தான் எங்கள் முன்மாதிரி. ரத்தக்கொதிப்பு மாத்திரையை முதல் நாளே நிறுத்தினார். அவர் மனைவி பூவாத்தாள் தண்ணீர்ச் சொம்போடு பூங்காவுக்கே வந்துவிடுவார்.

"ஏனுங்க, டாக்டரு நிறுத்தச் சொல்லலீங்களே. ஒண்ணே ஒண்ணு போட்டுக்கங்க."

"புறாவுக்கு யாராச்சும் பிரஷர் பாத்திருக்கறாங்களா? ஊட்டுக்குப் போ."

இப்பேர்ப்பட்ட 'அறிவியலை'க் கேட்டுவிட்டு, சொம்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார் அந்த அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

போன ஞாயிறு பொதுக்குழு. 'நமது நகரில் பக்கவாத அபாயம் ஒழிந்தது' என்று தீர்மானம். எல்லோரும் வலது கையைத் தூக்கினோம். பாலசுந்தரம் தூக்கவில்லை.

"ஏனுங்ணா, எதிர்ப்புங்களா?" என்றார் தலைவர்.

பாலசுந்தரம் ஏதோ சொன்னார். குழறியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"பாருங்க, பழிப்புக் காட்டறாரு!" என்றார் தலைவர்.

கூண்டு காண்டிராக்டை மச்சானுக்குத் தரவில்லை என்று பாலசுந்தரத்துக்குக் கோபம் என்றார் பொருளாளர். அவரைச் சமாதானப்படுத்த ஒவ்வொருவராக எழுந்து பேசினோம். நானும் பேசினேன், சுருக்கமாக அரை மணி நேரம். அதற்குள் சொம்போடு பூவாத்தாள் வந்தார். பார்த்ததும் சொம்பு கீழே விழுந்தது.

"நாசமாப் போறவங்களா! கை வுழுந்து கெடக்குது, உங்களுக்குத் தீர்மானமா? காரை எடுங்க!"

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். "விவாதம் நடந்ததுங்க" என்றேன். உயிர் தப்பியது. பேச்சு இன்னும் வரவில்லை, கையும் எழவில்லை.

'ஓர் எதிர்ப்புடன் தீர்மானம் நிறைவேறியது' என்று செயலாளர் என்ற முறையில் குறித்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். பொய்யில்லை. அன்று நாங்கள் அத்தனை பேர் கூடியிருந்த இடத்தில், உண்மையைச் சொன்னது அந்த ஒரு வலது கைதான்.