பரவாயில்லைக்கு ஒரு கவுண்டர்

சினிமா பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்துபோகும் அநாகரிகமான வழக்கம் அந்த ஊரில் நெடுங்காலமாக இருந்துவந்தது. அரசும் பெருந்தன்மையோடு சகித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு படத்தின் இடைவேளையில், நாயகன் நடந்துவந்தது சிங்க நடையா அல்லது மூட்டுவலியா என்பது குறித்து எழுந்த கருத்து வேறுபாட்டில் பதினேழு நாற்காலிகள் உடைந்தன. இனிப் பொறுப்பதற்கில்லை என்று முடிவாகி, ‘திரைக்கருத்துப் பதிவு அலுவலகம்’ திறக்கப்பட்டது. படம் பார்த்த ஒவ்வொருவரும் மூன்று வேலை நாட்களுக்குள் நேரில் வந்து தம் கருத்தைப் பதிவு செய்தாக வேண்டும். படம் பார்க்காதவர்களும் பதிவு செய்யலாம். அவர்களுக்குக் கட்டாயமில்லை, ஆர்வம் இருந்தால் போதும். ஆர்வம் இருந்தது.

கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவருக்கு இதில் எந்த ஆட்சேபணையும் இல்லை. வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரின் தோளில் மூச்சுக்கூட விடாத மனிதர். இருபத்திரண்டு வருஷமாக ஜனங்களை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, லென்ஸுகளை ஒவ்வொன்றாகச் செருகி, “இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா?” என்று கேட்டுக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். உலகத்தில் எதுவும் ஒரேயடியாகத் தெளிவும் இல்லை, ஒரேயடியாக மங்கலும் இல்லை. எல்லாம் கால் பாயிண்ட், அரை பாயிண்ட் வித்தியாசம்தான். அந்த முடிவுதான் அவரை மாட்டிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடும் மச்சினனோடும் படத்துக்குப் போனார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கறுப்பு வெள்ளையில் வந்து காவியம் என்று பெயர் வாங்கிய படத்தை, இப்போதைய பெரிய நாயகனைப் போட்டுக் கலரில் மறுபடி எடுத்திருந்தார்கள். மனைவி அந்த நாயகனின் ரசிகை. மச்சினன் விமர்சகன், படங்களைப் பற்றிப் பேசி இணையத்தில் வீடியோ போடுவதுதான் அவன் தொழில். வேகத்துக்குப் பேர்போனவன். இடைவேளையில் மற்றவர்கள் பாப்கார்னுக்கு நிற்கும்போது, அவன் கழிப்பறைச் சுவர் ஓரமாக நின்று, ‘இரண்டாம் பாதி பெருத்த ஏமாற்றம்’ என்று பேசிப் பதிவேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

படம் விட்டு நடக்கும்போது மனைவி சொன்னாள், “என்ன நடிப்புங்க! கடைசி சீன்ல எனக்கு மூச்சே நின்னுடுச்சு.”

“அது படமா அக்கா? குப்பை லாரி. ரெண்டரை மணி நேரம் பின்னாடியே நடந்த மாதிரி இருக்கு,” என்றான் தம்பி. “மாமா, நீங்க சொல்லுங்க.”

கண்ணாடிக்காரர் யோசித்தார். கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்கிற பழக்கம் அவருக்கு இருந்தது.

“பரவாயில்லை,” என்றார். “அப்பா சாகிற இடம் நல்லா இருந்துச்சு. சண்டையைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம். மத்தபடி பரவாயில்லை.”

அக்காவும் தம்பியும் நின்றுவிட்டார்கள். எதிலும் ஒத்துப்போகாத அந்த இருவரும் அன்றைக்குத்தான் ஒரே முகத்தோடு அவரைப் பார்த்தார்கள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். இரண்டு கவுண்டர்கள். ஒன்றின்மேல் ‘காவியம்’ என்றும் மற்றதன்மேல் ‘குப்பை’ என்றும் எழுதியிருந்தது. இரண்டிலும் நீண்ட வரிசை. கண்ணாடிக்காரர் நடுவில் போய் நின்றார். அங்கே ஒரு குடிநீர்த் தொட்டி மட்டும் இருந்தது.

“சார், எந்தப் பக்கம்?” என்று கேட்டார் கவுண்டரிலிருந்த எழுத்தர் அம்மா.

“பரவாயில்லைன்னு எழுதிக்கோங்கம்மா.”

“அப்படி ஒரு கருத்து இல்லை சார்.”

“எனக்கு இருக்கே.”

“உங்களுக்கு இருக்கலாம். ஃபாரத்துல இல்லை. ரெண்டு கட்டம்தான். ஒண்ணுல டிக் போடுங்க.” அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். “படம் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“அதான். பார்த்தவங்க வந்தாலே இப்படித்தான் லேட்டாகுது. பார்க்காதவங்க எல்லாம் டக்குனு போட்டுட்டுப் போயிடுறாங்க.”

விவகாரம் பதிவு அலுவலரின் அறைக்குப் போனது. அவர் நல்ல மனிதர். மேஜைமீது கோப்புகளுக்கு நடுவே வந்தவரின் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு சந்து விட்டு வைத்திருந்தார். அந்தச் சந்தின் வழியாகச் சொன்னார்.

“பாருங்க சார், சட்டம் ரொம்பத் தெளிவா இருக்கு. படம் பார்த்தவருக்குக் கருத்து இருக்கும். கருத்துன்னா ரெண்டு. உங்க கருத்து அந்த ரெண்டுல இல்லை. அப்போ நீங்க உண்மையான கருத்தை மறைக்கிறீங்கன்னு ஆகுது.”

“மறைக்கலையே சார். சொல்லிட்டேனே.”

“சொல்லி மறைக்கிறீங்க. அது இன்னும் மோசம்.”

அந்த மாதம் கடை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நகராட்சியில் எல்லாக் காகிதங்களையும் சரிபார்த்துவிட்டு, ‘கருத்து நிலுவையின்மைச் சான்றிதழ்’ எங்கே என்று கேட்டார்கள். அது இல்லாமல் கண்ணாடி மட்டுமல்ல, கண்ணாடி துடைக்கிற துணியைக்கூட விற்க முடியாதாம். இரண்டு கட்டத்தில் ஒன்றில் டிக் போட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. கண்ணாடிக்காரரும் பேனாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஆனால் மைனஸ் ஒன்றேகால் கண்ணுக்கு மைனஸ் மூன்று எழுதிக்கொடுப்பது போல மனசு கூசியது. பேனாவை மூடி வைத்தார்.

செய்தி கசிந்தது. காலையில் நாயகனின் ரசிகர்கள் கடைக்கு வந்தார்கள். “எங்க அண்ணன் படம் உனக்குப் பரவாயில்லையா?” என்று கேட்டு, வாசலில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை உதைத்தார்கள். மதியம் எதிர்க்கோஷ்டி வந்தது. “அந்தக் குப்பை உனக்குப் பரவாயில்லையா?” என்று கேட்டு, அதே ஸ்டூலை உதைத்தார்கள். சாயங்காலம் இரண்டு கோஷ்டியும் எதிர் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இப்படி ஒரு மனுஷன் இருப்பானா என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒற்றுமைக்காகத்தான் அலுவலகமே திறக்கப்பட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மச்சினன், ‘என் மாமாவும் நானும்: ஓர் உறவு முறிகிறது’ என்று வீடியோ போட்டான். மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாட்டை வைத்துவிட்டு, “எப்படி இருக்குன்னு உங்ககிட்டக் கேட்டு என்ன பிரயோஜனம்?” என்று உள்ளே போனாள்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், பழைய படங்களைப் பற்றி ஒன்பது புத்தகங்கள் எழுதிய ஓய்வுபெற்ற பேராசிரியர். கண்ணாடிக்காரரைக் கனிவோடு பார்த்தார்.

“தம்பி, இந்தக் காலத்துப் படத்தைப் பத்தி நீங்க சொன்னதை மன்னிச்சிடலாம். இப்போ எடுக்கிறதெல்லாம் படமே இல்லை. ஆனா அந்தப் பழைய மூலப்படம் ஒரு காவியம்னாவது ஒத்துக்கிறீங்களா?”

“அதைப் போன மாசம்தான் பார்த்தேங்க ஐயா. அதுவும் பரவாயில்லை. பாட்டுத்தான் இருபத்தாறு. கதாநாயகி ஆத்துல விழுறதுக்கு முன்னாடி ஒண்ணு, விழும்போது ஒண்ணு, தண்ணிக்குள்ள ஒண்ணு.”

பேராசிரியர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“தண்ணிக்குள்ள பாட்டு இருக்கா?” என்று மெல்லக் கேட்டார்.

“இருக்குங்க ஐயா. ஐயா எப்போ பார்த்தீங்க?”

“நான் அந்தப் படத்தை… ஆழமாக வாசித்திருக்கிறேன்,” என்றார் பேராசிரியர். அதோடு அன்றைய அமர்வு முடிந்தது.

பேராசிரியர் அடிப்படையில் நேர்மையானவர். வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை முதல்முறையாகப் பார்த்தார். பதினான்காவது பாட்டில் தூங்கிப்போனார். மறுவாரம் குழுவின் அறிக்கை வந்தது: ‘காவியத்துக்கும் குப்பைக்கும் இடையே ஒரு நிலப்பரப்பு இருப்பதாகச் சந்தேகிக்க இடமிருக்கிறது.’ ஒரு மாதத்தில் குடிநீர்த் தொட்டியை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் மூன்றாவது கவுண்டர் திறந்தார்கள். ‘பரவாயில்லை’ என்று பலகை மாட்டினார்கள். கண்ணாடிக்காரர் ரிப்பன் வெட்டி, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார். விஷயம் முடிந்தது என்று நினைத்தார்.

பேராசிரியர் தன் பத்தாவது புத்தகத்துக்குப் ‘பரவாயில்லையின் அழகியல்’ என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து படித்தவர்கள் யாரும் ஒரு படத்தை நன்றாக இருக்கிறது என்றோ மோசம் என்றோ சொல்வதில்லை. கண்களைப் பாதி மூடி, உதட்டைப் பிதுக்கி, “பரவாயில்லை” என்றார்கள். பெரிய நாயகனே தன் அடுத்த படத்தின் விளம்பரத்தில், ‘பரவாயில்லை என்று சொல்லப்போகிறீர்கள்!’ என்று போட்டுக்கொண்டார். மச்சினன் முறிந்த உறவை அவசரமாக ஒட்டிக்கொண்டு, பரவாயில்லைப் பேரவை தொடங்கி, மாமாவின் படம் போட்ட பனியன்களை வெளியிட்டான். மாமாவைக் கேட்காமலே கௌரவத் தலைவர் ஆக்கினான்.

அடி கடைசியில் கண்ணாடிக்காரரின் தொழிலில் வந்து விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவரிடம், “இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?” என்று கேட்பார்.

“பரவாயில்லை.”

“சரி, இது?”

“இதுவும் பரவாயில்லை.”

“கடைசி வரி படிங்க.”

“வரியா? அங்க என்ன, போர்டு இருக்கா?”

“உங்களுக்குப் போர்டே தெரியலையா? என்ன வேலை பார்க்கறீங்க?”

“பஸ் டிரைவர். ஆனா பரவாயில்லை சார்.”

அன்று கண்ணாடிக்காரர் வீட்டுக்கு நடந்தே போனார். வழியில் சின்னத் தியேட்டர் ஒன்றில் யாரும் கேள்விப்படாத ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. மனசு சரியில்லை, உள்ளே போய் உட்கார்ந்தார். அவரைச் சேர்த்து நான்கு பேர் இருந்தார்கள்.

ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறவரின் கதை. அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்ட மகள், அதே கட்டடத்தின் ஏழாவது மாடியில் வாழ்க்கைப்பட்டு வருகிறாள். அப்பாவின் முகத்தில் விழிக்கக்கூடாது என்று தினமும் படியேறுகிறாள். ஒருநாள், நிறைமாத வயிறோடு, கையில் பையோடு, வேறு வழியில்லாமல் லிஃப்டுக்குள் வந்து நிற்கிறாள். எந்த மாடி என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஏழு மாடிக்கும் இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகுதான் நனைந்திருந்தது கண்ணாடி இல்லை என்று புரிந்தது.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் முதல் இரண்டு கவுண்டர்களிலும் பழைய படிவங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கூட்டமெல்லாம் மூன்றாவதில்.

“வாங்க சார். எப்பவும் போலத்தானே?” என்று முத்திரையை எடுத்தார் எழுத்தர் அம்மா.

“இல்லம்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு.”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“மெதுவா சொல்லுங்க சார்,” என்றார் அம்மா, பதறிப்போய். “நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?”

அலுவலர் அவரை உள்ளே கூப்பிட்டுச் சந்து வழியாகக் கேட்டார். “ஏன் சார், கால் பாயிண்ட் கூடவா குறையில்லை? நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“யோசிச்சுட்டேன் சார். குறையே இல்லை.”

அன்று மாலை பரவாயில்லைப் பேரவை அவசரமாகக் கூடி, கௌரவத் தலைவரை நீக்கியது. ‘மாமா மாறிவிட்டார்’ என்று மச்சினன் வீடியோ போட்டான். மறுநாளே, ‘ரொம்ப நல்லா இருக்கு இயக்கம்’ என்று ஒன்று புறப்பட்டுக் கண்ணாடிக்காரர் பக்கம் நின்றது. பேரவைக்காரர்கள் அந்த லிஃப்ட் படம் பரவாயில்லை என்று எழுநூறு படிவங்கள் கொடுத்தார்கள். இயக்கத்தார் ஆயிரம் கொடுத்தார்கள். பேராசிரியர் இரண்டு பக்கமும் பேசினார். கண்ணாடிக்காரரும் சும்மா இருக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்து, இரண்டு கூட்டங்களில் பேசினார். அந்த ஏழு மாடிக் காட்சியை விளக்கிப் பதினான்கு பக்கத்தில் அலுவலருக்குக் கடிதம் எழுதினார். பன்னிரண்டு நாட்களில் அந்தப் படத்தைப் பற்றிப் பதினோராயிரம் கருத்துகள் பதிவாயின. ஊர் வரலாற்றில் அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு வந்ததில்லை என்று அலுவலகம் அறிக்கை விட்டது.

பதிமூன்றாம் நாள் மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நிஜமாவே அழுதீங்களா?”

“ம்.”

“எங்க அப்பா போனப்போகூட நீங்க அழல.”

“அப்போ நிறைய வேலை இருந்துச்சு.”

“வாங்க, போய்ப் பார்க்கலாம். என்னதான் இருக்குன்னு நானும் பார்க்கறேன்,” என்று புடவை மாற்றிக்கொள்ள எழுந்தாள்.

இருவரும் சீக்கிரமே கிளம்பினார்கள். கண்ணாடிக்காரர் வழியெல்லாம் அந்த மகளாக நடித்த பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். தியேட்டர் வாசலில் ஒருவர் ஏணியில் ஏறி வேறொரு படத்தின் போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தார். டிக்கெட் கொடுக்கும் பெண் கவுண்டருக்குள் மீதி டிக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்த லிஃப்ட் படத்துக்கு ரெண்டு டிக்கெட்மா.”

“தூக்கியாச்சு சார். நேத்தோட சரி.”

“தூக்கியாச்சா? ஏன்மா? ஊரே அதைப் பத்தித்தானே பேசிட்டிருக்கு?”

“பேசுறாங்க சார். யாரும் வரலை. அன்னைக்கு வந்த நாலு பேருதான் கடைசி. அப்புறம் தினமும் காலி ஹாலுக்குத்தான் ஓட்டினோம்.” அவள் நிமிர்ந்து அவரை அடையாளம் கண்டுகொண்டாள். “கண்ணாடிக்கடை சார் நீங்கதானே? இவ்வளவு பேசினீங்களே, நீங்களாவது இன்னொரு தடவை வந்திருக்கலாமே?”

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“கூட்டமா இருக்கும்னு நினைச்சேன்மா.”

“எல்லாரும் அப்படித்தான் சார் நினைச்சிருக்காங்க,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கவுண்டரைச் சாத்தினாள்.