தண்ணீருக்குத் தயாராகாத குன்று

மனித குலத்தின் காயங்கள் இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக ஆறாமல் கிடந்ததற்கு ஒரே காரணம், அவற்றை எழுதிக்கொள்ளத் தகுந்த படிவம் இல்லாமல் போனதுதான். அந்தக் குறையைத் தீர்த்துவைத்த பெருமை ‘சமூக ஆறுதல் மற்றும் நீதி மைய’த்தைச் சாரும். மையத்தின் படிவம் பதினான்கு பக்கம். எல்லா வலிக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. கட்டத்துக்குள் அடங்காத வலிகள் ‘இதர’ என்ற தலைப்பின் கீழ் மரியாதையோடு நடத்தப்பட்டன.

அந்தப் படிவம் பகோங் பூஹாய் குன்றுக்கு வந்து சேர்ந்தபோது பூரிங் இரண்டு வாளித் தண்ணீரோடு படியேறிக்கொண்டிருந்தாள்.

பகோங் பூஹாய் என்றால் புதுவாழ்வு. ஆறு வருடங்களுக்கு முன் பெரும்புயல் கடற்கரை வீடுகளைத் துடைத்துக்கொண்டு போனது. மிஞ்சிய நூற்றெண்பது மீனவக் குடும்பங்களை அரசாங்கம் கடல் கண்ணில் படாத இந்தக் குன்றில் ஏற்றிவைத்தது. நீல வண்ண வீடுகள். வீட்டுக்கு ஒரு பளபளப்பான குழாய். குழாயில் தண்ணீர் வராது. ஆனால் அருமையாகத் திறக்கும், அருமையாக மூடும், குறை சொல்ல முடியாது. பூரிங் அதில் துண்டு காயப்போட்டாள். தண்ணீர் அடிவாரத்து ஊற்றில் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படி. பூரிங்குக்கு வயது ஐம்பத்தெட்டு. வலது முழங்காலுக்கு அதைவிட இருபது கூட.

அந்த மார்ச் மாதம் ஒரு இன்ஜினியர் வந்து அளந்தார். “ஜூன்ல தண்ணி வந்துரும்” என்றார். வழக்கமாக அளப்பவர்கள் அளந்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்த முறை ஒரு லாரியும் வந்து, கூடைப்பந்து மைதானத்தின் ஓரத்தில் நீலக் குழாய்களை இறக்கி அடுக்கியது. அதைப் பார்த்த அன்றே பூரிங் குழாயிலிருந்து துண்டை எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் மையத்திலிருந்து டாக்டர் கிளாரிசா வந்தார். மணிலாவிலிருந்து விமானம், படகு, ஜீப்னி என்ற குலுங்கும் ஊர்வண்டி எல்லாம் ஏறி, வாந்தி எடுத்து, முகம் வெளுத்து வந்து நின்ற அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்ததும் குன்றே உருகிப்போனது. அவர் நல்லவர். இதை நாம் இப்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு மறந்துவிடலாம்.

கூடைப்பந்து மைதானத்தில் கூரைக்கடியில், வர முடிந்த பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு தாள், வண்ணப் பென்சில். “உங்க வலி எப்படி இருக்கோ, அப்படியே வரைங்க” என்றார் டாக்டர். நாற்பத்திரண்டு பெண்கள் நாற்பத்திரண்டு வாளி வரைந்தார்கள். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார், கண் கலங்கினார்.

“எல்லாருக்கும் உள்ள ஒரு வெறுமை...” என்றார்.

“வெறுமை இல்ல மேடம், வாளி” என்றாள் பூரிங்கின் பக்கத்து வீட்டு சேலிங்.

“ஆமாம்மா. உங்க மனசுக்கு அது வாளியா தெரியுது.”

பிறகு டாக்டர் பூரிங்கின் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அக்கா, ‘தண்ணி’ன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லும்போது உடம்புல எந்த இடத்துல வலிக்குது?”

“முழங்கால்ல” என்றாள் பூரிங்.

டாக்டரின் முகம் வாடியது. அங்கேதான் கோளாறு. அந்தத் தீவில் வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் கிடையாது. வாழைப்பழமோ, கருவாடோ, ஒன்றும் இல்லையென்றால் பாதித் தேங்காயோ கையில் கொடுத்துத்தான் படியிறக்குவார்கள். பூரிங் சுற்றும் முற்றும் பார்த்தாள். கொடுக்க ஒன்றும் இல்லை. இந்தப் பிள்ளை இத்தனை தூரம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தது எதற்காக என்று மட்டும் தெரிந்தது.

அவளிடம் நிஜமாகவே ஒன்று இருந்தது. புயலன்று படகைக் கட்டப் போன அவள் கணவன் இஸ்கோ திரும்பவேயில்லை, உடலும் கிடைக்கவில்லை. அதை அவள் யாருக்கும் தந்ததில்லை, தரப்போவதும் இல்லை. அதனால் கைவசம் இல்லாத ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தாள்.

“நெஞ்சுல மேடம்” என்றாள். “தண்ணியைப் பார்த்தாலே படபடன்னு வருது. கிட்ட வந்தா ஓடிறலாம்னு தோணுது.”

டாக்டர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பூரிங் மட்டும் விருந்தாளிக்குக் கொடுத்து நாம் கொடுக்காமல் இருப்பதா? சேலிங் தனக்கு மழைச் சத்தம் கேட்டாலே மயக்கம் வரும் என்றாள். பின்வரிசையில் ஒருத்தி மூன்று வருடமாகக் குளிக்கவே பயம் என்றாள். சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு பேரும் தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள். எல்லாரும் நூடுல்ஸ் சாப்பிட்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, நிறைந்த மனதோடு வீடு திரும்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து லாரி மறுபடி வந்து குழாய்களை ஏற்றிக்கொண்டு போனது.

ஊர்த் தலைவர் காப்பித்தான் எர்மோ மைதானத்தில் நின்று கடிதத்தை வாசித்தார். தன் முகம் அச்சடித்த பேனருக்குக் கீழே நின்றுதான் அவர் எதையும் வாசிப்பார். “மேற்படி சமூகம் தண்ணீர் குறித்த ஆழ்ந்த அதிர்ச்சியில் இருப்பது அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டுள்ளதால், அவர்களது இல்லங்களுக்குள் அவர்களது சம்மதமின்றித் தண்ணீரைச் செலுத்துவது சமூக நீதிக்கு முரணானது. ‘நீர்த் தயார்நிலைச் சான்றிதழ்’ கிடைக்கும்வரை குழாய்ப் பணி நிறுத்தி வைக்கப்படுகிறது.”



“காப்பித்தான், நாங்க தினமும் தண்ணி தூக்குறோமே, அது அவங்களுக்குத் தெரியாதா?” என்றாள் சேலிங்.

“தெரியும். அதையும் எழுதியிருக்காங்க. பயத்தை ஜெயிக்க நீங்க தினமும் பண்ற சடங்காம் அது. ரொம்பப் பாராட்டியிருக்காங்க.”

எல்லாருடைய பார்வையும் பூரிங் பக்கம் திரும்பியது. “நெஞ்சு படபடக்குதுன்னு ஆரம்பிச்சு வச்ச புண்ணியவதி யாரு?” என்று ஒரு குரல் கேட்டது. பூரிங்குக்கு அவமானத்தில் காது சுட்டது. அன்றிரவு அவள் துண்டை மறுபடி குழாயில் போட்டாள்.

அடுத்த முறை டாக்டர் வந்ததும் அவள் நேராகப் போய் உண்மையைச் சொன்னாள். “மேடம், நான் பொய் சொல்லிட்டேன். உங்க மனசு நோகக்கூடாதுன்னு சொன்னேன். எனக்குத் தண்ணின்னா பயமே இல்ல. தண்ணி வேணும், அவ்வளவுதான்.”

டாக்டர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். “இது நல்ல அறிகுறிக்கா. மறுப்புன்னு ஒரு கட்டம் வரும்னு நான் எதிர்பார்த்தேன். நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க.”

“மறுப்பு இல்ல மேடம்...”

“பாத்தீங்களா?” என்றார் டாக்டர் கனிவாக. “ஒண்ணும் அவசரம் இல்ல. உங்களுக்கு எப்போ தயார்னு தோணுதோ, அப்போ தண்ணி வரும்.”

“இப்பவே தோணுது.”

“அப்படித் தோணுறவங்களுக்குத்தான் இன்னும் நேரம் வேணும்.”

சான்றிதழுக்குப் பன்னிரண்டு அமர்வுகள். புதன்கிழமை புதன்கிழமை, மாலை மூன்று மணி. ஊற்றில் வரிசை குறைவாக இருக்கும் ஒரே நேரம் அதுதான். மூன்று அமர்வுகளைத் தவறவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே பெண்கள் விடிகாலையில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை படியிறங்கி, நடுவில் ஆறுதல் அடைந்தார்கள்.

ஆறுதலுக்கு நாம் குறை சொல்லக்கூடாது. ஐந்தாம் அமர்வில் கோபத்தைப் பலூனில் எழுதிப் பறக்கவிட்டார்கள். நாற்பத்திரண்டு பலூன்களும் அழகாகப் பறந்து, மூன்று மட்டும் மின்கம்பியில் சிக்கி மின்சாரத்தை நிறுத்தின. ஏழாவது ‘நீதி வட்டம்’. ஒரு பெரிய சங்கு கைமாறும். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் தன் நீதியைக் கேட்கலாம். பூரிங்கின் கைக்கு வந்ததும் “குழாய்” என்றாள். சேலிங் “குழாய்” என்றாள். சங்கு நாற்பத்திரண்டு பேரையும் சுற்றி வந்தது, நாற்பத்திரண்டு குழாய். ‘ஒரே பொருளின் மீது கூட்டுப் பற்று’ என்று குறித்துக்கொண்டார் டாக்டர். அதற்காக ஒரு கூடுதல் அமர்வு சேர்க்கப்பட்டது.

பதின்மூன்றாம் புதன்கிழமை நிறைவு விழா. டாக்டர் கடைசியாக ஒரு மதிப்பீடு செய்து, சான்றிதழில் கையெழுத்திடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். பூரிங் நான்கு நாளாகத் தூங்கவில்லை. தன் வாயால் போன தண்ணீர் தன் காலத்திலேயே திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

காப்பித்தான் தன் பங்காகக் கினிலாவ் கொண்டுவந்தார்: பச்சை மீனை வினிகரில் ஊறவைத்தது. கடற்கரையில் காலையில் கலந்தது, வெயிலில் இரண்டு ஜீப்னி மாறி மத்தியானம் குன்றேறியது. ஊர்க்காரர்கள் அதன் வாசனையைப் பார்த்துவிட்டு அடக்கமாக ஒதுங்கிக்கொண்டார்கள். விருந்தாளி மூன்று தட்டு சாப்பிட்டார். ஜூஸ் கலக்கவும் தட்டு கழுவவும் ஊரிலிருந்த தண்ணீர் கிட்டத்தட்ட எல்லாம் செலவானது.

உரையின் நடுவில், “இந்தப் பயணத்தில் நான் உங்களிடம் கற்றுக்கொண்டது...” என்று சொல்லிக்கொண்டிருந்த டாக்டர் திடீரென்று நிறுத்தினார். நெற்றி வேர்த்தது. மைக்கைக் காப்பித்தானிடம் கொடுத்துவிட்டு, மிக அருகில் இருந்த வீட்டை நோக்கி ஓடினார். அது பூரிங்கின் வீடு.

பூரிங் பின்னாலேயே போனாள். கழிப்பறைக் கதவு சாத்தியிருந்தது. நெடுநேரம் சாத்தியே இருந்தது. பிறகு உள்ளே குழாய் திறக்கும் சத்தம். அருமையாகத் திறந்தது. மூடும் சத்தம். மறுபடி திறக்கும் சத்தம்.

“அக்கா?” என்றது ஒரு மெல்லிய குரல். “தண்ணி வரலையே?”

“ஆமா மேடம். வராது.”

“வாளியும் காலியா இருக்கே?”

“ஜூஸுக்கு எடுத்துட்டோம் மேடம்.”

“அக்கா, தண்ணி வேணும். இப்பவே வேணும்.”

அடுப்பங்கரையில் பூரிங்கிடம் ஒரே ஒரு வாளி நிறைய மிச்சமிருந்தது, ராத்திரிச் சோற்றுக்கு. அதைத் தூக்கிக்கொண்டு வந்து கதவருகே வைத்தாள். வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்கும் பதின்மூன்று வாரப் பயிற்சி இருந்தது.

“மேடம், ‘தண்ணி’ன்னு சொல்றீங்களே, அதைச் சொல்லும்போது உடம்புல எந்த இடத்துல வலிக்குது?”



“பூரிங் அக்கா, விளையாடாதீங்க. எனக்கு உண்மையாவே தண்ணி வேணும்!”

“அப்படித் தோணுறவங்களுக்குத்தான் இன்னும் நேரம் வேணும்னு சொல்லுவாங்க” என்றாள் பூரிங் கனிவாக. “ஒண்ணும் அவசரம் இல்ல. அந்தத் தவிப்போட கொஞ்ச நேரம் உக்காருங்க.”

உள்ளே குழாய் இன்னொரு முறை திறந்து மூடியது. பிறகு உள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அதில் பாதி சிரிப்பும் இருந்ததாகப் பூரிங் பின்னாளில் சொன்னாள்.

“புரிஞ்சுதுக்கா” என்றது குரல்.

அந்தத் தீவில் விருந்தாளியை வெறுங்கையோடு விடும் பழக்கம் கிடையாது. கதவு ஒரு சாண் திறந்தது. பூரிங் ராத்திரிச் சோற்றுத் தண்ணீரை, மொள்ளும் மக்கோடு சேர்த்து உள்ளே தள்ளினாள்.

அதற்குப்பின் அரசாங்கம் காட்டிய வேகத்தைப் புகழ வார்த்தை போதாது. பத்தே நாளில் லாரி வந்தது. ஆறாவது வாரம் தொட்டி நிரம்பியது. பூரிங்கின் குழாய் முதலில் இருமியது, பிறகு செம்மண் கலரில் துப்பியது, பிறகு தெளிந்து ஓடியது. அவள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வாளி நிரம்பி வழியும்வரை மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணில் நீர் வந்தது. நல்லவேளை, யாரும் படிவத்தோடு பக்கத்தில் இல்லை.

வாசலில் சேலிங் உட்கார்ந்து, காப்பித்தான் கொடுத்த அரசாணையின் நகலை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள்.

“‘மேற்படி குன்றில் தண்ணீர் இல்லாமையால் மைய அதிகாரி ஒருவர் ஐந்து நிமிடம் கடும் அவதிக்குள்ளானதை முன்னிட்டு, அவசரத் தேவை கருதி...’” அவள் தலையைத் தூக்கினாள். “ஏன்க்கா, அவங்களுக்கு அஞ்சு நிமிஷம் தண்ணி இல்லைன்னா அது தண்ணிக் கஷ்டம். நமக்கு ஆறு வருஷம் இல்லையே, அது என்னவாம்?”

பூரிங் குழாயை மூடினாள்.

“நமக்கு மனசு சரியில்லடி” என்றாள்.