இரண்டடிப் பலகையும் என் கார்த் திறப்பும்

என் வாழ்நாளில் நான் நியாயமாக இழந்தவை பல. அவற்றுக்காக எவரிடமும் முறையிட்டதில்லை. அநியாயமாக இழந்தது ஒன்றே ஒன்று; அது என் காரின் திறப்பு, அதாவது சாவி. அதைப் பறித்தது பொலிசும் அன்று, நோயும் அன்று. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. அதன் பெயரை இங்கே எழுதி அதற்கு இலவச விளம்பரம் தேடித்தர நான் விரும்பவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், எனக்கு எழுபத்திரண்டு வயதாயிருந்தபோது, கடைத்தொகுதி ஒன்றின் தரிப்பிடத்தில் தள்ளுவண்டிகளை விடும் கம்பிக் கூட்டை என் கார் இலேசாக உரசியது. (அந்தக் கூடு அவ்விடத்தில் நின்றிருக்கவே கூடாது என்பது இன்றும் என் நிலைப்பாடு.) ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் என்னோடும் மனைவியோடும் ஒரே வீட்டில் வசிக்கும் மகள் வத்சலா கதவிலிருந்த கீறலைக் கண்டாள், எனக்கு நிதானம் குறைந்துவிட்டது என்று தீர்ப்பளித்தாள். இனி நான் 401 நெடுஞ்சாலையில் ஏறி அஜக்ஸிலுள்ள மைத்துனர் வீட்டுக்குப் போகக்கூடாதாம். திறப்பைத் தந்துவிட வேண்டுமாம்.

அந்த வாரமே நம்மவர் தொலைக்காட்சியொன்றில் புதிய சாகசப் போட்டிக்கு விளம்பரம் வந்தது. ஹெலிகொப்டர் பறந்தது. தீ மூண்டது. ஒருவன் கூரை விட்டுக் கூரை பாய்ந்தான். உயிரைத் துச்சமென மதிப்போர் வருக என்று ஒரு குரல் கர்ச்சித்தது. மூத்தோருக்கு, உயரத்தில் பலகை மீது நடந்து கடக்கும் தனிச்சுற்று உண்டு என்ற வரியையும் கண்டேன். என் நிதானத்தை உலகறிய நிரூபிக்க இதைவிட வேறு மேடை ஏது? மகளை அழைத்தேன். நான் விழாமல் கடந்தால், திறப்பைப் பற்றி இவ்வீட்டில் எவரும் இனி வாய் திறக்கக்கூடாது என்றேன்.

"விழுந்தால்?"

"விழுந்தால் திறப்பு உனக்கு."

"பிறகு கதை மாத்தக் கூடாது, அப்பா."

"நான் எப்ப மாத்தினனான்?" என்றேன். என் மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

இரண்டு கிழமைகள் நிலவறைக் கம்பளத்தின் விளிம்பில் நடந்து பழகினேன். லண்டன், பாரிஸ், சிட்னி எங்கும் தொலைபேசியில் அறிவித்தேன். (சிட்னியில் ஓர் உறவினர், உயிலெழுதியாகிவிட்டதா என்று அக்கறையோடு விசாரித்தார். அதையும் நான் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.)

குறித்த நாளில், ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலைக்குள் நுழைந்தபோது என் கண்களை என்னால் நம்ப முடியவில்லை. ஹெலிகொப்டர் இல்லை. கூரைகள் இல்லை. தீ என்பது மேசை விசிறியின் முன் படபடத்த செம்மஞ்சள் துணி. சாகசம் என்பது தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வைத்த ஒரு பலகை. பக்கத்தில் பிடித்து நடக்க ஒரு கயிறு, கீழே நீல மெத்தைகள். இதற்கு ஏழு பக்கப் படிவத்தில் கையொப்பம் வேறு. உயிரைத் துச்சமென மதித்து வந்த என் தலையில் ஒரு குழந்தையின் சைக்கிள் தொப்பியைக் கவிழ்த்தார்கள். பனிக்காலத்தில் பஸ் தரிப்பு வரை நடப்பதில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு! எனக்கு முன் சென்ற, ரெக்ஸ்டேலிலிருந்து வந்த ஓர் அம்மையார் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கடந்துவிட்டார்.

நானும் கடந்திருப்பேன். பாதித்தூரம் சென்றிருந்தேன். அப்போது மினுங்கும் கோட்டு அணிந்த அறிவிப்பாளர் தம்பி கையை உயர்த்தினார்.

"அங்கிள், அப்பிடியே நில்லுங்கோ. எங்கட ஸ்பொன்சர் வந்திட்டார். ரெண்டு வார்த்தை பேசுவார். நீங்கள் பின்னால நிண்டால் வடிவாய் இருக்கும்."

வந்தவர் வீடு விற்பனை முகவர். அவரது இரண்டு வார்த்தை பதினொரு நிமிடம் நீண்டது. வட்டி வீதம் பேசினார், தமிழரின் வீரம் பேசினார், மீண்டும் வட்டி வீதத்துக்கு வந்தார். நான் ஒருகால் மாற்றி ஒருகால் ஊன்றி நின்றேன். ஆயினும் கயிற்றை விடவில்லை. இறுதியில் அவர் என் பக்கம் திரும்பி, "தளராத இந்தப் பெரியவருக்கு என் பணிவான வணக்கம்" என்று இரு கரம் கூப்பிக் குனிந்தார்.

சபையில் ஒருவர் கும்பிடும்போது கயிற்றைப் பிடித்தபடி வெறுமனே தலையாட்டும் வளர்ப்பு என் வளர்ப்பு அன்று. என் கைகள் தாமாகவே குவிந்தன. அடுத்து நான் அறிந்தது மெத்தையின் நீலநிறம். அப்போதும் என் கைகள் பிரியவில்லை; வணக்கத்தை மல்லாந்தபடியே நிறைவு செய்தேன்.

நிறுத்திவைத்தவர்களே பொறுப்பு என்று வாதாடினேன். "ரூல்ஸ் எண்டா ரூல்ஸ், அங்கிள்" என்றார் தம்பி. முகவர் பொன்னாடை போர்த்தி, தமது முகம் அச்சிட்ட நாட்காட்டியும் தந்தார்.

அதைவிடப் பெரிய அநீதி ஒளிபரப்பில் நடந்தது. நேரம் போதாதென்று முகவரின் பேச்சை முழுவதும் வெட்டிவிட்டார்கள். உலகம் கண்டது இதுதான்: ஒரு கிழவர் காரணமின்றிப் பாதிவழியில் நிற்கிறார், எவருமில்லாத திசையைக் கும்பிடுகிறார், விழுகிறார். இதை மெதுவாக ஓடவிட்டு, மேளச் சத்தமும் சேர்த்து ஏழுமுறை காட்டினார்கள். லண்டனிலுள்ள என் தங்கை, நான் இறுதிப் பிரார்த்தனை செய்ததாகவே இன்றும் நம்புகிறாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் வத்சலா சிரிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். நடந்ததை ஆதியோடந்தமாக விளக்கினேன். நிதானக் குறைவால் விழவில்லை, மரியாதையால் விழுந்தேன் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அதுதான் அப்பா எனக்கு இன்னும் கூடப் பயமாய்க் கிடக்கு. 401இல ஆரும் தெரிஞ்ச ஆள் பக்கத்து லேனில வந்து கும்பிட்டால் என்ன செய்வியள்?"

அன்று திறப்பை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

இப்போது ஞாயிறு தோறும் அவளே என்னை அஜக்ஸுக்கு ஏற்றிச் செல்கிறாள். சிவப்பு விளக்கில் நிற்கையில் அருகில் அறிந்த முகம் ஏதும் தென்பட்டால், திரும்பிப் பாராமலே சொல்வாள்:

"அப்பா, நீங்கள் ரெண்டு கையாலயும் வடிவாய்க் கும்பிடுங்கோ. ஸ்ரியறிங் என்ர கையில இருக்கு."

பின்னிருக்கையில் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கண்ணாடியை இறக்கி, இரு கைகளாலும் கும்பிடுவேன்.