நம்பரைத் தொலைத்த கார்

இன்ஸ்பெக்ஷன் என்ற சொல் காதில் விழுந்தால் என் கை தானாகப் பெயின்ட் டப்பாவைத் தேடும். இது என் குற்றம் இல்லை, உத்தியோகத்தின் குற்றம். அப்போது நான் ஆசிரியை வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. அதிகாரி பார்வையிட வருகிறார் என்று சுற்றறிக்கை வந்தால் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னென்ன நடக்கும் என்பது எனக்கு அத்துப்படி. ஒழுகிக் கறை படிந்த சுவரில் உலக வரைபடம் ஏறும். எங்கள் ஆய்வகத்தில் இல்லாத நுண்ணோக்கி, பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு நாள் விருந்தாளியாக வந்து போகும். பதில் தெரிந்த பிள்ளைகள் வலது கையையும் தெரியாத பிள்ளைகள் இடது கையையும் தூக்க வேண்டும் என்று ஒத்திகை நடக்கும் (மொத்த வகுப்பும் கை தூக்குவதைப் பார்த்து அதிகாரி நெகிழ்ந்துபோவார்). இதை ஏமாற்று வேலை என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுவதில்லையா, அந்த மாதிரிதான்.

ஆகவே, எங்கள் காருக்குப் பதினைந்து வயது முடியப் போகிறது, இனி ஓட்ட வேண்டுமானால் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குக் காட்டி ஆர்.சி. புக்கைப் புதுப்பிக்க வேண்டும் என்று தெரிந்தபோது நான் கொஞ்சமும் கலங்கவில்லை.

கலங்காத இன்னொருவர் என் கணவர் ஜெபராஜ். மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறார். நாள் முழுவதும் பொருள்களைப் பார்த்துக் கழித்துக்கட்டுவதுதான் அவருக்குச் சம்பளம் (காலையில் இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்). அவர் எங்கள் காரை எப்போதோ கழித்துக்கட்டியிருந்தார்.

"பதினஞ்சு வருஷம் ஓடியாச்சு செலின். பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாம். பழைய வண்டி எடுக்கறவர் திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார்."

"என்னைக் கேக்காம யார் வரச் சொன்னா?"

"உன்னைக் கேட்டா வேணாம்னு சொல்வியே."

இந்த இடத்தில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். கீழ்க்கட்டளையிலிருந்து தாம்பரத்தில் இருக்கும் பள்ளிக்கு நான் வருடக்கணக்கில் ஷேர் ஆட்டோவில் போனவள். மடியில் விடைத்தாள் கட்டு, அதன்மேல் பக்கத்தில் இருப்பவரின் முழங்கை. நாற்பத்து மூன்றாவது வயதில், வீட்டில் சும்மா நின்றிருந்த இந்தக் காரில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இதன் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று என் இடது காலுக்கு நன்றாகத் தெரியும். வேறு எந்தக் காரில் உட்கார்ந்தாலும் அந்தக் கால் எல்லாவற்றையும் மறந்துவிடும். காலையில் மேடவாக்கம், செம்பாக்கம், சேலையூர் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும் நாற்பது நிமிடம்தான் ஒரு நாளில் யாரும் என்னைக் கூப்பிடாத நேரம். டீச்சரும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த நாற்பது நிமிடத்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போட எனக்கு மனமில்லை.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். வெள்ளிக்கிழமை எஃப்.சி.யில் வண்டி பாஸ் ஆனால் அது எனக்கு. ஆகாவிட்டால் திங்கட்கிழமை அந்த ஆள் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். மறுபேச்சு கூடாது.

தெரு முனையில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர், "எல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம், நீங்க வரவே வேணாம்," என்றார். நான் வேண்டாம் என்றேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கே கைட் வாங்காமல் பிள்ளைகளைத் தயார் செய்கிறவள், ஒரு காரைத் தயார் செய்ய முடியாதா? மெக்கானிக்கிடம் காட்டினேன். இன்ஜின், பிரேக், லைட் எல்லாம் சரியாக இருக்கின்றன என்றார். அத்தோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. இன்ஸ்பெக்ஷன் என்றால் பெயின்ட் அடிக்காமல் எப்படி?

கார் பெயின்டரிடம் போனால் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு இருந்தது இரண்டு நாள். உடனே முருகேசன் அண்ணன் ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளிக்கு ஒவ்வொரு ஆய்வுக்கும் சுவர், கரும்பலகை, கேட் என்று எல்லாவற்றுக்கும் அடித்துக் கொடுப்பவர் அவர்தான். கார் வெள்ளி நிறம். ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் வெள்ளி பெயின்டும் வெள்ளி நிறம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் அன்று நினைத்தேன் (இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது).

முருகேசன் அண்ணனுக்கே சந்தேகம் வந்தது. "வெளியில மட்டும் லைட்டா அடிச்சா போதாதா டீச்சர்? பானெட்டுக்குள்ள யாரு பாக்கப் போறா?"

"ஆய்வுக்கு வர்றவங்க உள்ளதான் பார்ப்பாங்க. ஒரு பொட்டு துரு கண்ணுல படக் கூடாது."

"உள்ள சொவுரு மாரி இருக்கற எடத்துல மேடும் பள்ளமுமா கீது. பட்டி வெச்சாத்தான் நெரவும்."

"வைங்க அண்ணா. நல்லா நிரவிடுங்க."

என் வாழ்க்கையில் நான் கொடுத்த உத்தரவுகளில் இவ்வளவு சிரத்தையாக நிறைவேற்றப்பட்டது வேறு எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, இன்ஸ்பெக்ஷனுக்கென்றே வைத்திருக்கும் கஞ்சி போட்ட காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு, காகிதங்களையெல்லாம் வரிசை எண் போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் ஆட்டோக்கள், ஒரு காலேஜ் வேன், பின்னால் ஒரு குட்டி யானை லோடு வண்டி. வரிசையில் சேலை கட்டிய டிரைவர் நான் ஒருத்திதான். வெயிலில் என் கார் ஜொலித்த ஜொலிப்பில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் என் வயதை ஒட்டியவர். மரியாதையான பேச்சு. ஹாரன் அடிக்கச் சொன்னார், அடித்தேன். லைட் போடச் சொன்னார், போட்டேன். இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் சிமிட்டியது. ஒவ்வொன்றுக்கும் நான் "வெரி குட்" சொல்லிவிட்டேன் (காரிடம்தான். அவர் தன்னிடம் என்று நினைத்து, "தேங்க்ஸ் மேடம்" என்றார்).

பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார். பெயின்ட் ஒட்டிக்கொண்டு அது வரமாட்டேன் என்றது. குட்டி யானைக்காரர் வந்து ஒரு தட்டு தட்டினார், திறந்துகொண்டது. உள்ளே எங்கு பார்த்தாலும் வெள்ளி. இன்ஸ்பெக்டர் குனிந்து விரலால் தடவினார். எழுந்தார். மறுபடியும் குனிந்தார்.

"நம்பர் எங்க மேடம்?"

முன்னால் இருந்த நம்பர் பிளேட்டைப் பெருமையாகக் காட்டினேன். அதையும் துடைத்து வைத்திருந்தேன்.

"அது இல்ல மேடம். சேஸிஸ் நம்பர். ஃபேக்டரியில பாடியிலேயே பொறிச்சிருப்பாங்க. இந்த இடத்துல இருக்கணும்."

அவர் விரல் வைத்த இடம் பள்ளிக்கூடச் சுவரைப் போல வழவழவென்று இருந்தது. மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று முருகேசன் அண்ணன் சொன்னது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"புக்குல ஒரு நம்பர் இருக்கு. வண்டியில இல்ல. அப்போ இது எந்த வண்டி?"

"இது என் வண்டி சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க மேடம்," என்றார் தணிந்த குரலில். "நம்பரை மறைச்ச வண்டின்னா நான் ரிப்போர்ட் எழுதணும். ஸ்டேஷன் வரைக்கும் போகும். நீங்க டீச்சர்ங்கறீங்க. ஒரு மணி வரைக்கும் டைம் தர்றேன். நம்பர் தெரிஞ்சா பாக்கறேன். ஆனா கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் வெச்சு சுரண்டாதீங்க. நம்பர் மேல கீறல் விழுந்தா அது இன்னும் வம்பு."

இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டு வந்தவள், நடு மைதானத்தில் திருட்டு கார் வைத்திருப்பவளாக நின்றேன். அவமானத்தில் அழுகை முட்டியது. அழுதால் முகத்துப் பவுடர் போய்விடும் என்று அடக்கிக்கொண்டு கணவருக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, நம்ம வண்டியில சேஸிஸ் நம்பர்னு ஒண்ணு இருந்துச்சா?"

அந்தப் பக்கம் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார். "இருந்துச்சாவா? செலின், என்ன பண்ணித் தொலைச்ச?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் குட்டி யானைக்காரர் என் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். பெயர் தனசேகர் என்று பிறகு தெரிந்தது.

"இன்னாக்கா, கிரீஸ் தடவலியா?"

"எதுக்கு?"

"எஃப்.சி.க்குப் பெயின்ட் அடிக்க சொல்ல, மொத நம்பர் மேல கிரீஸ் தடவிடணும்க்கா. அப்பால துணிய வெச்சு தொடச்சா நம்பர் பளிச்சுனு வந்துரும். இது கொயந்தைக்குக்கூடத் தெரியுமே."

"எனக்குத் தெரியலையே தம்பி."

"இன்னா வேலக்கா பாக்கற?"

"டீச்சர்."

"அதான பாத்தேன்," என்றார். "சரி, பேஜாராவாத. வண்டியில தின்னர் கீது. நேத்துதான் வூட்டாண்ட நம்ம வண்டிக்கு அடிச்சேன்."

பெயின்டைக் கரைக்கும் அந்தத் தின்னரை ஊற்றிக் கைக்குட்டையால் தேய்த்தேன். கைக்குட்டை வெள்ளியானது. பிறகு வேறு துணி இல்லாமல் சேலைத் தலைப்பு. மேல் பெயின்ட் குழைந்து வந்தது. அதற்குக் கீழே பட்டி. சுவருக்கு வைக்கிற பட்டி என்பதால் பாட்டில் தண்ணீரை ஊற்றியதும் ஊறியது. கத்தி கூடாது என்றார், மரம் கூடாது என்று சொல்லவில்லையே. கைப்பையில் எப்போதும் இருக்கும் மர ஸ்கேலை எடுத்தேன். அதன் முனையால் மெல்ல மெல்ல வழித்தேன். இந்த நம்பரை எடுக்காமல் இந்த மைதானத்தை விட்டு நகரப் போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, "நகராதக்கா," என்று பின்னாலிருந்து நாலைந்து குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லோரும் என்னைச் சுற்றி நிற்கிறார்கள். முதல் எழுத்து தெரிந்ததும் தனசேகர் அதை உரக்கப் படித்தார். இரண்டாவதை ஒரு ஆட்டோக்காரர் படித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு எழுத்தும் வெளியே வர வர மொத்தக் கூட்டமும் கோரஸாகப் படித்தது. என் வகுப்பு ஒரு நாளும் இவ்வளவு ஒற்றுமையாக வாய்ப்பாடு சொன்னதில்லை.

எட்டாவது எழுத்தில் ஜெபராஜ் வந்து சேர்ந்தார். பர்மிஷன் போட்டுவிட்டு, நண்பரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஜி.எஸ்.டி. ரோடு தூசியோடு வந்திருந்தார். பானெட்டுக்குள் பாதி நுழைந்திருந்த மனைவியையும், வெள்ளிச் சேலையையும், சுற்றி நின்ற கூட்டத்தையும் பார்த்தார்.

"விட்டுடலாம் செலின். சனியன், ஒரு பழைய வண்டிக்காக இப்படியா?"

"நீங்க போங்க. நான் வர்றேன்."

அவர் போகவில்லை. தனசேகர் கையிலிருந்த தின்னர் டப்பாவை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். நான் கையை நீட்டும்போதெல்லாம் ஊற்றினார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பதினேழு எழுத்தும் வந்துவிட்டன. இன்ஸ்பெக்டர் புக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கடைசி இலக்கத்தில் நின்றார். மூன்றா எட்டா என்று தெரியவில்லை, பட்டி அடைத்திருக்கிறது என்றார். தெளிவில்லாத மூன்றுக்கு ஒரு நாளும் மதிப்பெண் போடாதவள் நான். அன்று அந்த மூன்றுக்காக வக்கீலாக வாதாடினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். தாளை நம்பர் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராகத் தேய்த்தேன். சாம்பல் நிறத்துக்கு நடுவில் பதினேழு எழுத்தும் எழும்பி வந்தன. கடைசியில் சுத்தமான மூன்று. கூட்டம் கை தட்டியது.

அதற்குப் பிறகு பிரேக் டெஸ்ட். அவர் கையைத் தூக்கியதும் மிதித்தேன். வண்டி கோடு போட்டாற்போல் நின்றது. இன்ஸ்பெக்டர் ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே மேடம்? வண்டி ரொம்ப நல்லா இருக்கு. இந்தப் பெயின்ட் அடிக்காம அப்படியே கொண்டுவந்திருந்தா பத்தரைக்கே அனுப்பியிருப்பேன்."

வீடு வந்து சேரும் வரை ஓட்டினது நான், சிரித்தது பக்கத்தில் இருந்தவர். அந்தச் சேலை போனது போனதுதான். வலது கைக் கட்டைவிரல் நகத்தில் வெள்ளி இரண்டு மாதம் இருந்தது. பிள்ளைகள் புது நெயில் பாலிஷா மிஸ் என்று கேட்டார்கள்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, காலையில் அந்த நாற்பது நிமிடமும் அப்படியே இருக்கிறது. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது நான் கண்ணாடி முன்னால் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றால் போதும், ஹாலிலிருந்து ஜெபராஜ் குரல் வரும்: "கிரீஸ் தடவிக்கிட்டியா செலின்?" காட்டாங்குளத்தூரில் படிக்கும் எங்கள் மகளும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தால், உறவில் யாருக்காவது முகம் மினுமினுத்தால், இதே கேள்விதான். விருந்தாளிகள் கேட்டால் முழுக் கதையையும் அவரே நடித்துக் காட்டுவார். அவர் கதையில் வருடா வருடம் மைதானத்தில் கூட்டம் பெருகிக்கொண்டே போகிறது. போன ஈஸ்டருக்கு நூறு பேர் வரை வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் அவர் எப்போதும் விட்டுவிடுவார். பிரேக் டெஸ்டுக்கு நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற என் கணவர் போனில் பேசியது எனக்கு நன்றாகவே கேட்டது.

"அண்ணே, திங்கக்கிழமை வர வேணாம்ணே. இல்லண்ணே, ரிசல்ட் இன்னும் வரல. எது வந்தாலும் சரி, நீங்க வர வேணாம்."