சொல்லப்படுது கிராணி

ஈப்போவை விட்டுக் காம்பார் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை, வாய் நிறைய ஒரு மனிதர் மேல் வசவு. பேராக் முழுக்கச் சல்லடை போட்டாலும், தன் நிழலிடமே கையெழுத்து கேட்கக்கூடிய இன்னொரு ஆள் கிடைக்க மாட்டார். சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணி அவர். எழுபதுகளில் நான் அங்கே சாமான் ஏற்றி, லோரியின் பின்னால் உட்கார்ந்து போய், துறைமுகத்தில் இறக்கிக்கொண்டிருந்தேன்.

கப்பலுக்குப் போகும் பெட்டிகள் ஆணி அடித்தே வரும். உள்ளே என்ன என்று நாங்கள் பார்த்ததில்லை. அதனால் சரக்கோடு போகும் பத்திரத்தில் கிராணி, 'உள்ளே இன்னது இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்று எழுதுவார். நாளைக்கு வேறு எது இருந்தாலும் கம்பெனி தலை உருளாது. நல்ல ஏற்பாடுதான். மனிதர் அதை ஆபீசோடு விட்டிருக்கலாம்.

எங்கள் டிரைவருக்குப் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பளப் புள்ளைன்னு சொல்லப்படுது," என்றார் கிராணி. டிரைவர் கோபத்தில் துணியை விலக்கிக் காட்டினார்.

"ஆ, இப்ப சரி லா," என்று கைகுலுக்கினார்.

கிராணியின் பக்கத்து வீட்டு அந்தோணி இறந்தபோது சவப்பெட்டி எங்கள் லோரியில்தான் சுங்கை சிப்புட் போனது. அதற்கும் ஒரு பத்திரம்: 'பெட்டி ஒன்று. உள்ளே அந்தோணி இருப்பதாகச் சொல்லப்படுகிறது.'

அந்தோணியின் மனைவிக்கு அழுகையே நின்றுவிட்டது. "ஏய்யா, நேத்து நீங்கதானே குளிப்பாட்டுனீங்க?"

"குளிப்பாட்டினேன் அக்கா. ஆணி அடிக்கும்போது தேத்தண்ணி குடிக்கப் போயிட்டேனே."

போய்ச் சேர்ந்த இடத்தில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்' என்று கையெழுத்து வாங்கும் பாவம் என் தலையில் விழுந்தது. பாதிரியார்தான் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம்தான் எனக்கென்று ஒரு பெட்டி வந்தது. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவரின் பீங்கான் தட்டுகள். வழியில் தஞ்சோங் மாலிமில் சோறு தின்ன நிறுத்தினோம். துறைமுகத்தில் சுங்கக்காரர் திறந்தால் அத்தனையும் செங்கல்.

செங்கல் எங்கே ஏறியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பத்திரப்படி கம்பெனிக்குப் பொறுப்பில்லை. ஆனாலும் யார் தலையிலாவது கட்ட வேண்டுமே. பத்திரமே இல்லாத சாமான் அந்த லோரியில் நான் ஒருவன்தான். திருடன் என்று பெயர் எடுத்தவனை அந்த ரோட்டில் எவனும் வேலைக்குச் சேர்க்க மாட்டான்.

முதலாளி என்னைக் கிராணியின் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். "போலீசுக்கு எழுதுங்க. இவன்தான் திருடினான்."

கிராணி டைப்ரைட்டரில் தட்டினார். தட்டியதைத் தமிழில் படித்தும் காட்டினார். "இவன் திருடியதாகச் சொல்லப்படுகிறது."

"யாருய்யா சொல்றது?"

"நீங்கதான் முதலாளி. பொய்யின்னு ஆச்சுன்னா பொறுப்பு உங்களுது. இங்க சைன் போடுங்க."

முதலாளி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். போலீஸ் வரவில்லை. என் வேலை மட்டும் போனது.

வாசலில் கிராணியைப் பிடித்தேன். "'இவன் எடுக்கல'ன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயா வெந்துடும் அண்ணே?"

"நான் பாக்கலியே தம்பி." கண்ணாடியைத் துடைத்தார். "காம்பார் பலகைக் கடையில ஆள் எடுக்கிறாங்கன்னு சொல்லப்படுது."

அந்தச் சொல்லப்படுதை நம்பித்தான், அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் காலை பலகைக் கடையில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஈப்போ பையன் நீதானா? உன் கிராணி இப்பதான் போன் போட்டாரு."

"என்ன சொன்னாரு அண்ணே?"

"'கை சுத்தமான பையன். எது குறைஞ்சாலும் நான் பொறுப்பு'ன்னாரு."

"அப்படின்னு சொல்லப்படுதுன்னு...?"

"இல்ல லா. அவரே சொன்னாரு. ஏன்?"

"ஒண்ணுமில்ல," என்று முதல் பலகையைத் தோளில் ஏற்றினேன். கனக்கவே இல்லை. இதை நானே சொல்கிறேன்.