நோர்வே அண்ணை பாடிய போட்டிகள்

பாட்டுப் போட்டிகளில் தோற்பதற்கென்று உலக அளவில் ஒரு போட்டி வைத்திருந்தால், அதில் நோர்வே அண்ணையை வெல்ல ஒருவன் பிறந்திருக்கமாட்டான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கனடாவில், ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஆறாவதாக வந்தவர் அவர். அகதியாக நோர்வேக்குப் போய், வடக்கே ஒரு தொழிற்சாலையில் மீன் வெட்டியவர். பிறகு அக்காவை நம்பி ரொறன்ரோவுக்கு வந்தார். ஓயாமல் பாடியதால் மூன்றாம் நாளே அக்கா அவரை எங்களிடம் அனுப்பிவைத்துவிட்டா.

வாசலில் பெட்டியை வைக்கும்போதே அறிமுகம் தொடங்கியது.

"தம்பி, நான் நோர்வேயின்ரை பொப் பாடகன். அங்கை ஏழு போட்டி பாடினனான்."

"எத்தினை வெண்டனீங்கள் அண்ணை?"

"எத்தினை பாடினனான் எண்டுதான் சொன்னனான்."

நோர்வேயில் அவர் பாடியது தமிழில். கேட்பவர்களுக்கு மொழி தெரியாவிட்டால் பிழையும் தெரியாது என்பது அவருடைய கணக்கு. ஏழு முறையும் கடைசி இடம். அப்படியும் உத்தியில் நம்பிக்கை போகவில்லை. இங்கே தமிழ்ப் போட்டிகளில் நோர்வே மொழியில் பாடப்போவதாகச் சொன்னார்.

அஜின்கோர்ட்டில் ஒரு பள்ளி மண்டபத்தில் முதல் போட்டி. அமைப்பாளர் தடுத்தார். நோர்வே அண்ணை விண்ணப்பப் படிவத்தை விரித்துக் காட்டினார்.

"தமிழர் பாடவேணும் எண்டுதான் கிடக்கு. தமிழிலை பாடவேணும் எண்டு எங்கை கிடக்கு?"

அன்றைய அறிவிப்பாளன் நான். கிழமை நாட்களில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவேன். சனி, ஞாயிறில் மேடையில் அறிவிப்பேன். என் குரல் கணீரென்று ஒலிக்கும் என்று எனக்குப் பெரிய நினைப்பு. கோப்பை கழுவும் அறையில் எல்லாருடைய குரலும் அப்படித்தான் ஒலிக்கும் என்பது பின்னர்தான் தெரிந்தது.

அவர் பாடி முடித்ததும், யாரோ அசைந்து உட்கார்ந்ததில் ஒரு கதிரை மட்டும் கிறீச்சிட்டது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் ஒலிவாங்கியைப் பிடித்தேன். நோர்வே மொழியில் 'நன்றி'கூடத் தெரியாத நான், "அன்பார்ந்தவர்களே! கடலுக்குப் போய்த் திரும்பாத மகனை நினைத்து ஒரு தாய் கதறும் பாடல் இது" என்று அவிழ்த்துவிட்டேன். முன்வரிசையில் ஓர் அன்ரி கண்ணைத் துடைத்தா. நோர்வே அண்ணைக்கு வாழ்க்கையில் முதல் பரிசு கிடைத்தது: ஆறுதல் பரிசு, ஒரு றைஸ் குக்கர்.

அதோடு எனக்குத் தலைகால் தெரியவில்லை. அடுத்த போட்டியில் தாய்க்குக் கண்பார்வை போனது. அதற்கடுத்ததில் மகனின் சட்டை கரை ஒதுங்கியது. நான்காவது போட்டியில் பாட்டு மூன்று நிமிடம், என் விளக்கம் ஏழு நிமிடம். சனம் என்னைக் கேட்கத்தான் வருகிறது என்று மனதார நம்பி, ஒருநாள் அவரிடமே சொன்னேன்.

"அண்ணை, ஒரு சரணத்தைக் குறைச்சால் நல்லம்."

"ஓம் தம்பி," என்று குறைத்தார்.

பெரிய போட்டி வந்தது. தமிழ் வானொலிக்காரர் ஒருவர் என் குரலைக் கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார். கோப்பைகளிலிருந்து எனக்கு விடுதலை கிடைக்கப்போகிறது! நோர்வே அண்ணையும் ஒருவரை அழைத்து வந்திருந்தார். எங்கள் கட்டடத்தில் குடியிருந்த வயதான நோர்வேக்காரி.

"என்ரை பாட்டு விளங்கிற ஒரு ஆளாவது இருக்கட்டும் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்," என்றார் பெருமையாக.

அவவை ஓடிப்போய்க் கடைசி வரிசையில் இருத்திவிட்டு வந்தேன்.

பாட்டின் பாதியிலேயே அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினா. பாட்டு முடிந்ததும் நான் விடவில்லை, தாயைக் கடற்கரையில் விழுந்து புரளவைத்தேன். நடுவர் ஒருவர் இறங்கிப் போய் அவவிடம் ஆங்கிலத்தில் விசாரித்து, நிமிர்ந்து சத்தமாகச் சொன்னார்:

"ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போட வைச்ச காற்சட்டையை ஆடு திண்டிட்டுதாம்! அதுதான் பாட்டாம்!"

மண்டபம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. வானொலிக்காரர் எழுந்து ஜாக்கெட்டை மாட்டினார். என் கணீர்க் குரல் எங்கேயோ ஒளிந்துகொண்டது. நோர்வே அண்ணை மெதுவாக வந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

"தம்பி சொன்னதுதான் சரி. அவ தெற்கு நோர்வே. அவையளுக்கு ஆடு. நான் இருந்தது வடக்கு. அங்கை இது தாயின்ரை பாட்டு. யாழ்ப்பாணத்திலையும் மட்டக்களப்பிலையும் ஒரே மாதிரியோ கதைக்கிறம்?"

ஒருவரும் நம்பவில்லை. நடுவர்கள் அவரைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

திரும்பிவரும்போது பஸ்ஸில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணை, அர்த்தம் உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாமல்? மீன் வெட்டேக்கை பக்கத்திலை நிண்டவன் சொல்லித் தந்த பாட்டு."

"அப்ப முதல்நாளே என்ரை வாயைப் பொத்தியிருக்கலாமே!"

"ஏழு போட்டி பாடினன், ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கேல்லை. நீர் கதைச்சாப் பிறகுதான் ஒரு மனுசி அழுதது. ஆடெண்டு சொல்லி அந்த மனுசியின்ரை அழுகையைக் கெடுக்கிறதே?"

அடுத்த கிழமையே இன்னொரு போட்டிக்குப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தார். பாடுபவர் என்ற இடத்தில் அவர் பெயர். கீழே, பக்கவாத்தியம் என்ற இடத்தில் என் பெயர்.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். பக்கத்தில் அவர் நிற்காத மேடைகளில் எனக்கு இன்னும் குரல் நடுங்குகிறது.